கல்லூரியில் கஞ்சா பிடித்தவருக்கு அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

தம்பி, மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் அமெரிக்காவில் பிறந்தவர், வயது 23, மேரிலாந்தில் கணினி அறிவியல் படித்து முடித்திருக்கிறீர்கள். ராணுவத் துறைக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்று வேலை தருகிறது, ஆனால் டாப் சீக்ரெட் கிளியரன்ஸ், அதாவது அரசின் மிக ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதி, கிடைத்தால்தான். கல்லூரியில் இரண்டு வருடம் வார இறுதிகளில் கஞ்சா புகைத்திருக்கிறீர்கள். கடைசியாக 14 மாதம் முன்பு ஒரு கஞ்சா மிட்டாய் சாப்பிட்டீர்கள். தேர்வு நேரத்தில் அறை நண்பரிடமிருந்து நான்கைந்து முறை ஆடெரால் (கவனக் குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித் தரும்) மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். கைது, வழக்கு எதுவும் இல்லை. உங்கள் மாமா "இல்லைன்னு போட்டுட்டுப் போ, யாருக்குத் தெரியப் போகுது" என்கிறார். இதெல்லாம் அப்பா அம்மா காதுக்குப் போய்விடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது.

நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை என்றால், கிளியரன்ஸ் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பைக் கெடுக்கக்கூடியவை இரண்டுதான். ஒன்று, மாமா சொன்னபடி செய்வது. இன்னொன்று, இனிமேல் ஒரு முறைகூடத் தொடுவது. கல்லூரியில் செய்தது இந்த இரண்டுக்கும் அப்புறம்தான் வருகிறது.

ஒப்பந்த நிறுவனங்களில் பாதுகாப்பு அலுவலர் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கிளியரன்ஸ் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் கதையில் நீங்கள் எழுதாமல் விட்ட ஏதாவது இருந்தால், குறிப்பாக விற்றது, பிடிபட்டது மாதிரி ஏதாவது இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கிளியரன்ஸ் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

முதலில், மாநிலச் சட்டத்தை மறந்துவிடுங்கள். மேரிலாந்தில் 2023 ஜூலை 1 முதல் 21 வயது நிறைந்தவர்கள் கஞ்சா வைத்திருக்கலாம். கலிஃபோர்னியா 1996-லேயே மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012-ல் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டன. கிளியரன்ஸ் விஷயத்தில் இவை எதற்கும் செல்வாக்கு கிடையாது. கிளியரன்ஸ் தருவது மத்திய அரசு. 1970-ல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் அட்டவணையில் வைத்தது. 2024 மே மாதம் நீதித்துறை அதை மூன்றாவது அட்டவணைக்கு இறக்கலாம் என்று முன்மொழிந்தது. அப்படி இறக்கினாலும், மருந்துச் சீட்டு இல்லாமல் பொழுதுபோக்குக்காகப் பயன்படுத்துவது மத்திய அரசின் கண்ணில் சட்டமீறல்தான். படிவத்திலேயே, மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டத்தின்படியே பதில் சொல்லவேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். "கடையில் ரசீதோடு வாங்கினேன், அதனால் எழுதவில்லை" என்பதை யாரும் ஏற்கமாட்டார்கள். மாநிலம் கொடுத்த மருத்துவக் கஞ்சா அட்டைக்கும் இதே கதிதான். கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து கஞ்சாவுக்குச் சட்டத்தில் இடமுண்டு. அங்கே போய்ப் பிடித்திருந்தால் அதையும் எழுதிவிடுவதே பாதுகாப்பு. ஓரிகனும் கொலராடோவும் அனுமதித்திருக்கும் சைலோசிபின் என்ற போதைக் காளானும் மத்தியச் சட்டத்தில் முதல் அட்டவணைதான்.

இப்போது படிவத்துக்கு வருவோம். எஸ்.எஃப். 86 என்பது அதன் பெயர். நூறு பக்கத்துக்கு மேல் போகும், இப்போது இணையத்தில் நிரப்புகிறோம். அதில் 23-வது பிரிவுதான் உங்கள் பிரிவு. கடந்த ஏழு வருடத்தில் சட்டவிரோத போதைப்பொருள் எதையாவது பயன்படுத்தினீர்களா என்பது முதல் கேள்வி. ஆம் என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக, முதலில் எந்த மாதம் எந்த வருடம், கடைசியாக எப்போது, எத்தனை முறை, எந்தச் சூழ்நிலையில் என்று கேட்கும். கடைசியில், இனியும் பயன்படுத்தும் எண்ணம் உண்டா, உண்டு என்றால் ஏன், இல்லை என்றால் ஏன் என்று கேட்கும். அந்தக் கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளாதீர்கள். ஏன் விட்டீர்கள் என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் மூன்று நான்கு வரி எழுதுங்கள். படித்து முடித்தாயிற்று, இந்த வேலை வேண்டும், அந்த நண்பர் வட்டம் கலைந்துவிட்டது என்று எது உண்மையோ அதை எழுதுங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் நல்ல பிள்ளைகள்கூடத் தடுக்கி விழுகிறார்கள். ஏழு வருடத்தில் போதைப்பொருளை வாங்கியது, விற்றது, வளர்த்தது, கைமாற்றியது, பெற்றுக்கொண்டது உண்டா என்று அது கேட்கும். பயன்படுத்தியதை ஒளிக்காமல் எழுதியவர், "நான் என்ன வியாபாரியா" என்று நினைத்துக்கொண்டு இதற்கு இல்லை என்று போட்டுவிடுவார். அந்த மிட்டாயைக் காசு கொடுத்துத்தானே வாங்கினீர்கள்? அது வாங்கியது. அறை நண்பர் மாத்திரையைக் கையில் கொடுத்தார் அல்லவா? அது பெற்றுக்கொண்டது. நான்கு பேர் சேர்ந்து பணம் போட்டு ஒருவர் போய் வாங்கி வந்திருந்தாலும் உங்கள் பங்கை எழுதுங்கள். இந்த இடத்துக்கு ஆம் போட்டதால் யாரும் உங்களைக் கடத்தல்காரர் என்று நினைக்கமாட்டார்கள். சொந்த உபயோகத்துக்கு, இவ்வளவுதான் என்று விளக்கம் எழுத இடம் இருக்கிறது.

ஆடெராலைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரே வரியில், போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். அது இரண்டாவது அட்டவணை மருந்து. மருத்துவர் உங்களுக்கு எழுதிக் கொடுக்காத மருந்தைப் போட்டுக்கொள்வதைப் படிவம் தனியாகவே கேட்கிறது. கல்லூரியில் தேர்வு வாரத்தில் எல்லோரும் செய்வதுதானே என்று பலர் இதைப் போதைப்பொருள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பிறகு நேர்காணலில் அதிகாரி "வேறு யாருக்காவது எழுதிய மருந்தை எடுத்ததுண்டா" என்று கேட்கும்போது முகம் மாறும். அந்த நிமிடத்தில் ஒரு சின்ன விஷயம் மறைத்த விஷயமாகிவிடுகிறது. கஞ்சாவை எழுதும் அதே கவனத்தோடு இதையும் எழுதுங்கள்.

ஏழு வருடம் என்ற எல்லைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஏற்கெனவே கிளியரன்ஸ் இருந்த காலத்தில் பயன்படுத்தியிருந்தாலோ, காவல்துறை, அரசு வழக்கறிஞர், நீதிமன்றப் பணி, பொதுமக்கள் பாதுகாப்போடு நேரடித் தொடர்புள்ள பணி ஆகியவற்றில் இருந்தபோது பயன்படுத்தியிருந்தாலோ, எத்தனை வருடம் ஆனாலும் சொல்லவேண்டும். உங்களுக்கு இது பொருந்தாது. சிகிச்சை பற்றிய கேள்விகளும் உங்களுக்கு இல்லை.

இந்தப் பிரிவின் தலைப்பில் பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் ஒரு வாசகம் இருக்கிறது. இங்கே நீங்கள் உண்மையாகச் சொல்லும் பதிலையோ, அதிலிருந்து தெரியவரும் தகவலையோ பின்னால் ஒரு குற்ற வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தமாட்டோம் என்று அரசு எழுதிக் கொடுத்திருக்கிறது. "உண்மையான பதில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பொய்ப் பதிலுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. மத்திய அரசிடம் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. கஞ்சாவுக்காக உங்கள் மேல் வழக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு வழக்குக்குக் காரணம் கிடைக்கவேண்டுமென்றால், அதைப் பொய் எழுதி நீங்களாகத்தான் உண்டாக்கவேண்டும்.

மாமா பேச்சு ஏன் ஆபத்து என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். அவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. அரசாங்கப் படிவம் என்றால் குறைவாகச் சொல்வதே புத்திசாலித்தனம் என்பது நம் வீடுகளில் வேர்விட்ட பழக்கம். ஆனால் டாப் சீக்ரெட்டுக்கு நடக்கும் விசாரணையில் ஆட்கள் நேரில் போய்ப் பேசுவார்கள். நீங்கள் குறிப்பிட்ட நண்பர்கள், பழைய அறைத்தோழர்கள், பக்கத்து வீட்டுக்காரர், மேலாளர் எல்லோரிடமும் பேசலாம். அவர்களிடம் "இவரைத் தெரிந்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்" என்று கேட்டு, நீங்கள் பெயர் கொடுக்காதவர்களையும் தேடிப் போவார்கள். போதைப்பொருள் பற்றிக் கேட்பது அவர்களுக்கு வழக்கமான கேள்வி. உங்களுக்கு ஆடெரால் கொடுத்த அதே நண்பர் நாளை இதே மாதிரி வேலைக்கு விண்ணப்பித்து, தன் படிவத்தில் உண்மையை எழுதலாம். சில அமைப்புகள் பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் கருவியில் உட்காரவைக்கும். சரி, இது எதுவுமே நடக்காமல் கிளியரன்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சில வருடங்களுக்கு ஒரு முறை அதே பொய்யில் திரும்பக் கையெழுத்துப் போடவேண்டும். ஒவ்வொரு முறையும் அது பெரிதாகும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என்னோடு ஒரே இடத்தில் வேலை பார்த்த ஒரு பையன். கல்லூரியில் மூன்று நான்கு முறை கஞ்சா, அவ்வளவுதான். தெரிந்த யாரோ சொன்னார்கள் என்று "இல்லை" என்று எழுதினான். ஐந்து வருடம் கழித்து இன்னும் பெரிய பொறுப்புக்குப் பாலிகிராஃப் வைத்தார்கள், அங்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அந்த மூன்று நான்கு முறையை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் படிவத்தில் வேண்டுமென்றே மறைத்தான் என்பதற்காகக் கிளியரன்ஸ் போனது, அதோடு வேலையும் போனது. அன்றைக்கு அவன் ஆம் என்று எழுதியிருந்தால் இன்றைக்கும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதற்கு எழுதப்பட்ட விதியும் இருக்கிறது. கிளியரன்ஸ் தருவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அதிகாரிகள் எஸ்.இ.ஏ.டி. 4 என்ற ஆவணத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். 2017 ஜூன் 8 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் ஏ முதல் எம் வரை 13 வழிகாட்டுதல்கள். போதைப்பொருளுக்கு ஹெச், சொந்த நடத்தைக்கு இ. கஞ்சாவை எழுதினால் ஹெச் மட்டும் எழும். மறைத்து மாட்டிக்கொண்டால் ஹெச்சும் இ-யும் சேர்ந்து எழும். இரண்டில் இ-யிலிருந்து மீள்வதுதான் கஷ்டம். ஏனென்றால் அங்கே சந்தேகப்படுவது உங்கள் சொல்லையே. ஒரு வழி அதிலும் இருக்கிறது. யாரும் ஆதாரத்தோடு கேட்பதற்கு முன்பே, தாமதிக்காமல் நீங்களாகவே திருத்திச் சொன்னால் அதை உங்கள் பக்கம் எண்ணுவார்கள். வழக்கறிஞரோ, இந்த நடைமுறையில் ஆலோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்டவரோ தவறாகச் சொல்லி நீங்கள் விட்டிருந்தால் அதையும் கருத்தில் கொள்வார்கள். மாமா அந்தக் கணக்கில் வரமாட்டார்.

சரி, உண்மையை எழுதிவிட்டீர்கள். எதிரே உட்கார்ந்து படிப்பவர் எப்படி எடைபோடுவார்? ஹெச் வழிகாட்டுதலில் முதலில் கவலை தரும் விஷயங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். எந்த வகைப் பயன்பாடும், பரிசோதனையில் பிடிபட்டதும், விற்பனையும், அடிமையாகிவிட்டார் என்று மருத்துவர் கண்டறிந்ததும், சிகிச்சையைப் பாதியில் விட்டதும், கிளியரன்ஸ் இருக்கும்போதே பயன்படுத்தியதும், இனிமேல் தொடமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லாததும் அதில் வரும். அப்புறம் அந்தக் கவலையைத் தணிக்கும் விஷயங்களைச் சொல்கிறார்கள். நடந்து நாளாகிவிட்டது, அடிக்கடி நடக்கவில்லை, அல்லது இனி நடக்க வாய்ப்பில்லாத சூழ்நிலையில் நடந்தது என்பது ஒன்று. தவறை ஒப்புக்கொண்டு விலகி இருப்பது இன்னொன்று. பயன்படுத்தும் நண்பர்களிடமிருந்து விலகியது, அந்தச் சூழலை மாற்றிக்கொண்டது, இனித் தொட்டால் கிளியரன்ஸைப் பறித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது ஆகியவற்றை அதற்கு அடையாளமாகக் கொள்கிறார்கள். கடுமையான அல்லது நீண்ட நோய்க்குக் கொடுத்த மருந்தை அளவுமீறி எடுத்து, பிறகு நிறுத்தியவர்களுக்கும், சிகிச்சையை முழுதாக முடித்து நல்ல மருத்துவக் கருத்து பெற்றவர்களுக்கும் தனி இடம் உண்டு. சிகிச்சைக்குப் போனதால் கெட்ட பெயர் வரும் என்று பயப்படுபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: முடித்த சிகிச்சை உங்கள் பக்கம் நிற்கும் சாட்சி.

இதையெல்லாம் தனித்தனியாகப் பார்க்காமல் ஆளை முழுசாகப் பார்க்கவேண்டும் என்பது அந்த ஆவணத்தின் அடிப்படை. அப்போது உங்களுக்கு என்ன வயது, எவ்வளவு தீவிரம், எவ்வளவு நாளாயிற்று, மனம் மாறியதற்கு என்ன ஆதாரம், இதை வைத்து யாராவது உங்களை மிரட்ட முடியுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். கடைசிக் கேள்வியை நன்றாக யோசித்துப் பாருங்கள். உங்களுக்கும் அரசுக்கும் தெரிந்த விஷயத்தை வைத்து உங்களை யாரும் மிரட்ட முடியாது. மறைத்த விஷயத்தை வைத்துத்தான் முடியும். இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். சந்தேகம் மிஞ்சினால் நாட்டின் பாதுகாப்புக்குச் சாதகமாகவே தீர்ப்பு இருக்கவேண்டும் என்பதும் விதி. கிளியரன்ஸ் யாருடைய உரிமையும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-ல் கடற்படைத் துறைக்கும் ஈகனுக்கும் நடந்த வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் நம்பவைக்கும் பொறுப்பு உங்களுடையது.

கஞ்சாவைப் பற்றிய பார்வை கொஞ்சம் இளகியிருக்கிறது. 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநராக இருந்த ஆவ்ரில் ஹெயின்ஸ் எல்லா அமைப்புகளுக்கும் ஒரு விளக்கம் அனுப்பினார். முன்பு பொழுதுபோக்காகக் கஞ்சா பயன்படுத்தியது கணக்கில் வரும், ஆனால் அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்பது அதன் சாரம். 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற புதிய படிவம், எஸ்.எஃப். 86-க்குப் பதிலாக வரவிருப்பது, கஞ்சாவை மற்றப் பொருள்களிலிருந்து பிரித்துக் கேட்கிறது.

எத்தனை மாதம் விலகியிருந்தால் போதும் என்று கேட்டிருந்தீர்கள். எஸ்.இ.ஏ.டி. 4-ல் எண் எதுவும் கிடையாது. ஆனால் வேலைக்கு எடுக்கும் அமைப்புகள் தங்களுக்கென்று எண் வைத்துக்கொள்கின்றன. எஃப்.பி.ஐ. முன்பு கஞ்சாவுக்கு மூன்று வருடம் கேட்டது, 2021-ல் அதை ஒரு வருடமாகக் குறைத்தது. மற்றப் போதைப்பொருள்களுக்குப் பத்து வருடம். கிளியரன்ஸ் தகுதியும் வேலைத் தகுதியும் வேறு வேறு என்பதை மனதில் வையுங்கள். கிளியரன்ஸ் கிடைக்கக்கூடிய ஒருவரை எஃப்.பி.ஐ. தன் விதியால் திருப்பி அனுப்பலாம். உங்களுடையது ஒப்பந்த நிறுவனம். என் அனுபவத்தில், எப்போதாவது பிடித்த கஞ்சாவை விட்டு ஒரு வருடம் தாண்டியவர்கள் பெரிய சிக்கலில் மாட்டியதை அதிகம் பார்த்ததில்லை. மூன்று மாதம் முன்புவரை வாராவாரம் பிடித்தவர் என்றால், ஆறு மாதமாவது பொறுத்து விண்ணப்பிக்கச் சொல்வேன். கோகெய்ன், எல்.எஸ்.டி. மாதிரி இருந்தால் இன்னும் வருடக் கணக்கில். இது என் கணிப்பு மட்டும்தான், சட்டத்தில் எழுதியிருப்பது இல்லை. உங்கள் 14 மாதம் நல்ல தூரம்.

இடைக்காலக் கிளியரன்ஸ் விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். முழு விசாரணை முடியும் முன்பே வேலையைத் தொடங்க அதைத் தருவார்கள். 23-வது பிரிவில் அண்மைக் காலத்து ஆம் இருந்தால் அது கிடைக்காமல் போகலாம், அதற்கு மேல்முறையீடும் இல்லை. கிடைக்கவில்லை என்றால் பயந்து வேறு வேலை தேடப் போய்விடாதீர்கள். இறுதி முடிவு வேறு.

இனிமேல் என்ன செய்யக்கூடாது என்பது முக்கியம். 2008-ல் வந்த பாண்ட் திருத்தம் என்ற சட்டம், போதைப்பொருளை இப்போது சட்டவிரோதமாகப் பயன்படுத்துபவருக்கு எந்த மத்திய அமைப்பும் கிளியரன்ஸ் தரக்கூடாது என்கிறது. அங்கே எடைபோடும் பேச்சே இல்லை. அதே 2021 விளக்கத்தில், படிவத்தில் கையெழுத்திடும் நாளிலிருந்து கஞ்சாவைத் தொடக்கூடாது என்று விண்ணப்பதாரர்களிடம் சொல்லிவிடும்படியும் அமைப்புகளைக் கேட்டிருக்கிறார்கள். கையெழுத்துக்குப் பிறகு தொடுகிற ஒரே ஒரு மிட்டாய், அதற்கு முந்தைய நூறை விடக் கனமானது. விதி தெரிந்தும் மீறினார் என்று அது சொல்லிவிடும். பட்டமளிப்பு விழா, நண்பன் திருமணம் என்று சாக்கு வந்துகொண்டே இருக்கும். எழுந்து வெளியே போய்விடுங்கள்.

கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடி எண்ணெய், மிட்டாய் வகைகளையும் விட்டுவிடுங்கள். 2018 வேளாண் சட்டத்தின்படி 0.3 சதவீதத்துக்கு மேல் டிஹெச்சி (போதை தரும் பொருள்) இல்லாத ஹெம்ப் என்ற கஞ்சாச் செடி வகை சட்டபூர்வமானது என்றானது உண்மைதான். ஆனால் பாட்டிலில் எழுதியிருக்கும் அளவுக்கும் உள்ளே இருக்கும் அளவுக்கும் யாரும் உத்தரவாதம் தருவதில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் டிஹெச்சி வந்துவிட்டால் "சிபிடி மட்டும்தான் எடுத்தேன்" என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். பங்குச் சந்தையில் விளையாடுகிறவர் என்றால் இன்னொன்று: கஞ்சா வளர்க்கும், விற்கும் நிறுவனங்களின் பங்குகளைத் தெரிந்தே நேரடியாக வாங்குவதும் கேள்விக்குரியது என்று அதே விளக்கம் சொல்கிறது. பலவற்றில் பரவலாக முதலிடும் மியூச்சுவல் ஃபண்டுக்குள் அது இருந்தால் கவலையில்லை. இப்போது உங்களோடு இருக்கும் அறை நண்பர்கள் வீட்டிலேயே புகைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதை நேர்காணலில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? முடிந்தால் வீட்டை மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

நிரப்ப உட்காரும் முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, செமஸ்டர் வாரியாக எழுதுங்கள்: எந்த வீடு, யார் கூட, தோராயமாக எத்தனை முறை. சரியான தேதி யாருக்கும் நினைவிருக்காது, மதிப்பீடு என்று குறிக்கப் படிவத்திலேயே வசதி இருக்கிறது. ஆனால் மதிப்பீடு நேர்மையாக இருக்கட்டும். வார இறுதிகளில் இரண்டு வருடம் என்றால் அது பத்து முறை ஆகாது. படிவத்தில் பத்து, நேர்காணலில் நாற்பது, பாலிகிராஃபில் எண்பது என்று ஏறிக்கொண்டே போகும் எண்ணைப் போல ஒரு விண்ணப்பத்தைக் கெடுப்பது வேறு கிடையாது. கூடப் போனாலும் பரவாயில்லை, குறைத்துவிடாதீர்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். படிவத்தின் நகலையும் வையுங்கள். அடுத்த முறை அதே பதிலைத் தரவேண்டியிருக்கும்.

விசாரணையின் பெரும்பகுதியைச் செய்வது டி.சி.எஸ்.ஏ. என்ற பாதுகாப்புத் துறை அமைப்பு. நேர்காணலுக்கு வருபவர் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்பவர் அல்ல, கேட்டு எழுதிக்கொண்டு போகிறவர். அவரிடம் வாதாடவேண்டாம், கஞ்சா சட்டம் எவ்வளவு தப்பு என்று விளக்கவும் வேண்டாம். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். எழுதும்போது விட்டுப்போனது ஏதாவது நினைவுக்கு வந்தால், அவர் கேட்கும் முன் நீங்களே ஆரம்பத்தில் சொல்லிவிடுங்கள்.

ஒருவேளை மறுக்கும் நிலை வந்தால், காரணங்களை எழுதி ஒரு அறிக்கை அனுப்புவார்கள். ஒப்பந்த ஊழியர்களுக்குப் பதில் எழுத 20 நாள் கிடைக்கும். நிர்வாக நீதிபதி முன் விசாரணை கேட்கலாம். அதற்கும் மேல் மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. அந்த நீதிபதிகளின் தீர்ப்புகளைப் பெயரை மறைத்து டி.ஓ.ஹெச்.ஏ. என்ற பாதுகாப்புத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகம் பொதுவில் வெளியிடுகிறது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஹெச் வழிகாட்டுதல் பற்றிய பத்துத் தீர்ப்புகளைப் படியுங்கள். நான் ஒரு பக்கம் எழுதுவதைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும். மறுத்துவிட்டாலும் ஒரு வருடம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம்.

கிரீன் கார்டில் இருக்கும் உங்கள் நண்பருக்கும் இதே ஆலோசனைதானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அவருக்கு அப்படியே பொருந்தாது. கிளியரன்ஸ் பொதுவாகக் குடிமக்களுக்கு மட்டுமே, அதனால் அவர் இந்தப் படிவத்துக்கே இப்போது வரமாட்டார். குடியேற்றச் சட்டத்தில் கஞ்சா பயன்படுத்தினேன் என்று ஒப்புக்கொள்வதே, தண்டனை எதுவும் இல்லாமலேயே, அவர் நாட்டுக்குள் திரும்பி வருவதையும் குடியுரிமையையும் பாதிக்கலாம். மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்கு அது தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுதியே வைத்தது. அதற்காக அவர் பொய் சொல்லவேண்டும் என்று அர்த்தமில்லை. எந்த அதிகாரியிடமும் இதைப் பேசுவதற்கு முன்பு அவர் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கவேண்டும்.

கடைசியாக அப்பா அம்மா. உங்கள் படிவத்தை நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலர் முழுமையாக இருக்கிறதா என்று பார்ப்பார், வேறு எதற்கும் அதைப் பயன்படுத்த அவருக்கு அனுமதியில்லை. உங்கள் மேலாளர் மேசைக்கு அது போகாது. விசாரணை அதிகாரி மற்றவர்களிடம் பேசும்போது அவர்களைக் கேள்வி கேட்பார், நீங்கள் எழுதியதை அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கமாட்டார். உங்கள் பெற்றோரைப் பார்க்க நேர்ந்தாலும், "உங்கள் மகன் போதைப்பொருள் எதுவும் பயன்படுத்தியதாகத் தெரியுமா" என்பது எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். அதைக் கேட்டதும் அம்மா அதிர்ந்து போவார்கள் என்று உங்களுக்குத் தோன்றினால், முன்கூட்டியே நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது, "படிக்கும்போது இப்படிச் செய்தேன், விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, அரசுப் படிவத்தில் உண்மையைத்தான் எழுதப் போகிறேன்" என்று சொல்லுங்கள். மாமாவும் அங்கே இருந்தால் அவருக்கும் ஒரே தடவையில் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.